அப்பா ஏன் வேஷம் போடுகிறார்?

புக்கரெஸ்டில் ஒரு மதுக்கூடம். வேலை முடிந்து வந்த இனெஸ், அப்பா வந்து தங்கிப்போன வார இறுதியைப் பற்றித் தோழிகள் இருவரிடம் அலுத்துக்கொள்கிறாள். பக்கத்தில் இருந்த ஆள் பேச்சில் நுழைகிறார். தலையில் கலைந்த கறுப்பு விக், வாயில் துருத்திக்கொண்டு நிற்கும் பொய்ப்பல். பெயர் டோனி எர்ட்மான் என்றும், பெரிய இடத்து ஆட்களுக்கு வாழ்க்கைப் பயிற்சி தருபவர் என்றும் சொல்லிக்கொள்கிறார். தோழிகளுக்கு வேடிக்கை. இனெஸின் முகம் இறுகிப்போகிறது. ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று அவள் நினைத்திருந்த அப்பா அவர்தான். ‘இவர் என் அப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூத்து அங்கேயே முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

மாரென் ஆடே 2016இல் எடுத்த ‘டோனி எர்ட்மான்’ என்ற ஜெர்மன் படத்தின் காட்சி இது. அப்பா வின்ஃப்ரீட், ஆகன் நகரத்து இசை ஆசிரியர். எண்ணெய் நிறுவனத்துக்கு ஆட்குறைப்பு ஆலோசனை சொல்லும் வேலை மகளுக்கு. கான் விழாவில் விமர்சகர்கள் இந்தப் படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். தங்கள் கூட்டமைப்பின் ஃபிப்ரெஸ்கி பரிசும் கொடுத்தார்கள். நடுவர் குழு வெறுங்கையோடு அனுப்பியது. அந்த ஆண்டின் ஐரோப்பியத் திரைப்பட விருதுகளில் ஐந்து இதற்குக் கிடைத்தன. பொய்ப்பல் கற்பனையில் முளைத்ததல்ல. ‘ஆஸ்டின் பவர்ஸ்’ படத்தின் விளம்பரத்துக்காகக் கொடுத்த பல் செட் ஒன்றை ஆடே தன் தந்தைக்குக் கொடுத்திருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு அவர் எல்லோரையும் கலாய்ப்பாராம்.

வேலையே கதியென்று இருக்கும் வளர்ந்த பிள்ளை, விலகிப்போன பெற்றவர், இடையில் ஒரு கோமாளித்தனம் என்ற இந்த அமைப்பு உலகக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. கோமாளியாவது பெரும்பாலும் அப்பாதான். அதற்கு ஒரு காரணத்தைச் சமூகவியலில் தேடலாம். 2022இல் வெளியான ஆய்வொன்றில் ரின் ரெசெக்கும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் நீண்டகாலக் கணக்கெடுப்புத் தரவுகளை அலசினார்கள். அம்மாவோடு உறவு அறுந்த காலம் ஒன்றைக் கண்ட பிள்ளைகள் 6 சதவீதம். அப்பாவோடு 26 சதவீதம். பிரிந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு எப்படியோ ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிகிறது: அம்மா விஷயத்தில் 81 சதவீதம், அப்பா விஷயத்தில் 69 சதவீதம். அந்த ‘எப்படியோ’வுக்குள் என்ன நடக்கிறது என்பதை எண்கள் சொல்வதில்லை. அங்கேதான் கதைக்காரர்களுக்கு வேலை.

உளவியல் ஆலோசகர்களைக் கேட்டால் வழி வேறு. சொந்த மகளோடே சில காலம் பேச்சற்றுப் போயிருந்த ஜோஷுவா கோல்மன், 2021இல் வந்த தன் நூலில் பெற்றோருக்குச் சொல்வது நேரடியான மருந்து: சாக்குச் சொல்லாமல் தவறை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதுங்கள். கதைகளில் வரும் அப்பாக்கள் இந்தக் கடிதத்தை எழுதுவதே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் பொய்ப்பல்லை மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களின் நகைச்சுவையில் பாதி நழுவல் என்றே எனக்குப் படுகிறது. மீதிப் பாதியைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

நகைச்சுவை ஆய்வாளர்கள் இதற்கு ஓரளவு உதவுகிறார்கள். ராட் மார்ட்டின் குழு 2003இல் நகைச்சுவையை நான்கு விதமாகப் பிரித்தது: பிறரோடு ஒட்டவைப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைக் குத்துவது, தன்னையே தாழ்த்திக்கொள்வது. காகிதத்தில் இந்தப் பிரிவினை தெளிவு. ஆனால் அப்பா ஒரே வாயால் இந்த நான்கையும் செய்வார். கேட்கும் மகளின் அன்றைய மனநிலைதான் எது எதுவென்று தீர்மானிக்கும். அப்பாக்களின் கடி ஜோக்கைப் பற்றி டென்மார்க்கின் மார்க் ஹை-நுட்சன் சுவையாக எழுதியிருக்கிறார்: பிள்ளைகளை ஓயாமல் கூச்சப்பட வைத்து, கூச்சத்தால் யாரும் செத்துப்போவதில்லை என்று அப்பா கற்றுக்கொடுக்கிறாராம். பதிமூன்று வயதுக்கு இது சரி. வாடிக்கையாளர் முன்னால் அறிக்கை வாசிக்கும் மகளுக்கு?

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2024இல் 312 பேரிடம் எடுத்த கணிப்பு பத்திரிகைகளில் நிறைய அடிபட்டது. நகைச்சுவையோடு வளர்த்த பெற்றோருடன் நல்ல உறவு இருக்கிறது என்றவர்கள் 50.5 சதவீதம், சிரிப்பில்லாத வீட்டில் வளர்ந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.9 சதவீதம்தான். இதை வைத்து ‘சிரித்தால் உறவு செழிக்கும்’ என்று தலைப்புப் போடுவது அவசரம். உறவு நன்றாக இருப்பவர்களுக்கே அப்பாவின் ஜோக் நினைவிலும் இருக்கும். கசந்தவர்களுக்கு அதே ஜோக் குத்தலாக நின்றிருக்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் வெளிச்சம் தந்தது 1940இல் மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் எழுதிய கட்டுரை. ஒட்டுறவும் விலகலும் ஒருசேர இருக்கும் இடத்தில்தான் சமூகம் கேலிக்கு உரிமம் தருகிறது என்பது அவர் வாதம். அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு நடுவே, அதாவது பெற்றவருக்கும் பிள்ளைக்கும் நடுவே, மரியாதை நிற்கிறது. ஒரு தலைமுறை தாண்டிய தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே கேலி ஓடுகிறது. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். மாமன், மச்சான், அத்தை மகள், கொழுந்தியாள் என்று கேலிக்கு முறை வகுத்து வைத்திருக்கிற ஊர் நம்முடையது. மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதற்குக்கூட முறை பார்ப்போம். அந்தப் பட்டியலில் அப்பா கிடையாது.

அதனால்தான் அப்பா வேஷம் போட வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பாவாக இருந்துகொண்டு கேலி பேச அவருக்கு முறையில்லை. முறையுள்ள இன்னொருவராகப் போக வேண்டும். வின்ஃப்ரீட் யாரோ ஒரு அந்நியனாகப் போகிறார்; அந்நியனைப் பொறுத்துக்கொள்வது மகளுக்குத் தொழில்முறைப் பழக்கம். 1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’யில், விவாகரத்தாகி மகளைப் பார்க்க முடியாத பாண்டியன் மடிசார் கட்டிய மாமியாகிறான். அந்தப் படத்துக்கு மூலமான ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ 1993இல் வந்தது. அதற்கும் முன்னால் ஆன் ஃபைன் 1987இல் எழுதிய நாவல் இருக்கிறது. ‘அவ்வை சண்முகி’யில் மகள் சின்னக் குழந்தை என்பதால் வேஷம் சீக்கிரம் பலிக்கிறது. கிரேஸி மோகனின் வசனத்தில் நாம் விழுந்து விழுந்து சிரித்ததில், பெற்ற பிள்ளையைக் கொஞ்ச ஒருவன் புடவைக்குள் ஒளிய வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம் அடிபட்டுப்போயிற்று.

வெஸ் ஆண்டர்சனின் ‘தி ராயல் டெனன்பாம்ஸ்’ (2001) ராட்கிளிஃப்-பிரவுனுக்கு எழுதிய உரை போலவே இருக்கிறது. பல வருடம் வீட்டுப்பக்கம் வராத ராயல், வயிற்றில் புற்றுநோய் என்று பொய் சொல்லி உள்ளே நுழைகிறார். பணத் தொழிலில் மூழ்கிய மூத்த மகன் சாஸ் மசியவில்லை, பொய்யும் வெளுத்துவிடுகிறது. வேலை செய்வது பேரன்களிடம்தான். அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் கடையில் திருடவும் சாலையில் கூத்தடிக்கவும் கற்றுக்கொடுக்கிறார் கிழவர். மகனிடம் போகும் வழி பேரன் வழியாகத்தான் திறக்கிறது. நம் வீடுகளிலும் பத்து வருடம் பேசாத மகன் வீட்டுக்குப் பேத்தியின் பிறந்தநாளைச் சாக்கிட்டுத்தான் தாத்தா போகிறார்.

‘பிக் ஃபிஷ்’ (2003) இதைத் தலைகீழாக்குகிறது. எட்வர்டின் அளப்புக் கதைகள்தான் பத்திரிகையாளனான மகனை மூன்று வருடம் பேசாமல் ஆக்கியவை. கடைசியில் கதை சொல்லும் முறை மகனுக்கு வருகிறது. சோஃபியா கப்போலாவின் ‘ஆன் தி ராக்ஸ்’ (2020) இன்னும் மெல்லியது. அப்பாவாக வரும் பில் மரேயின் வசீகரம் படத்தைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான் சொல்லத் தோன்றுகிறது. அம்மாக்கள் கோமாளியாகும் கதைகள் குறைவு. கேரி ஃபிஷரின் ‘போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் தி எட்ஜ்’ நாவலில் (1987) கேலி மகளின் கையிலிருக்கும் ஆயுதம்.

ஆடேயின் படம் இவற்றிலிருந்து தள்ளி நிற்பதற்குக் காரணம், கேலிக்கு ஒரு விலை உண்டு என்று அதற்குத் தெரிந்திருப்பதுதான். எண்ணெய் வயலில் டோனி ஒரு தொழிலாளியிடம் விளையாடுகிறார். அந்த ஆள் கையுறை போடவில்லை என்பது மேலாளர் கண்ணில் பட, அங்கேயே வேலை போகிறது. வின்ஃப்ரீட் பதறிக் கெஞ்சுகிறார். மேலாளர் எத்தனை பேரை அனுப்புகிறாரோ, அத்தனை பேரைத் தான் அனுப்ப வேண்டியதில்லை என்கிறாள் மகள். வேடிக்கை செய்ய ஒருவருக்கு ஓய்வும் ஓய்வூதியமும் வேண்டும். எதிரே நிற்பவருக்கு அந்த வசதி இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மகளின் வேலையை இயந்திரத்தனம் என்று அப்பா பரிகசிப்பது எளிது. அந்த அலுவலகத்தில் ஒரு பெண் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள என்னவெல்லாம் விழுங்குகிறாள் என்பதைப் படம் காட்சி காட்சியாகக் காட்டுகிறது. அவளுடைய சிரிப்பும் சம்பளத்தில் சேர்த்திதான்.

பின்னால், பல்கேரியக் கிராமத்துக் குக்கேரி வேஷத்தில், தலை முதல் கால்வரை ரோமம் தொங்க அப்பா வந்து நிற்கிறார். அப்போது அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. மகள் பின்னாலேயே பூங்காவரை போய்க் கட்டிக்கொள்கிறாள். ஜோக் தீர்ந்து, முகமும் மறைந்த பிறகுதான் அந்த அணைப்பு கிடைக்கிறது. அதற்குப் பின்னும் இனெஸ் அந்தத் தொழிலை விட்டுவிடவில்லை. மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனத்துக்கு மாறிச் சிங்கப்பூர் போகிறாள். சமரசம் என்றால் பிள்ளை ஊர் திரும்பியாக வேண்டும் என்று எழுதும் நம் கதாசிரியர்கள் இந்த இடத்தைக் கவனிக்கலாம்.

இவற்றில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ‘டோனி எர்ட்மான்’ பாருங்கள். 162 நிமிடம். அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க மட்டும் வேண்டாம்: இனெஸின் பிறந்தநாள் விருந்துக் காட்சியில் உடை அணியாமல்தான் வர வேண்டும் என்பது விதி.