நீதிக்குக் கழிவு எவ்வளவு?

அரசுப் பேருந்து மோதி அடிபட்டவருக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக நஷ்டஈடு கிடைத்தால், மறுநாள் நாளிதழில் அது நல்ல செய்தியாகவே வருகிறது. இழுத்துக்கொண்டிருந்த வழக்கு முடிந்தது, காசோலை கைக்கு வந்தது. பாராட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சட்டப்படி அவருக்கு வரவேண்டியது எவ்வளவு, அதில் எவ்வளவை விட்டுக்கொடுத்தார்?

அரசு வண்டி மோதினால் அரசு பொறுப்பேற்க வேண்டுமா என்ற வாதம் 1962-லேயே தீர்ந்துபோனது. உதய்பூரில் கலெக்டரின் ஜீப்பைப் பட்டறையிலிருந்து ஓட்டிவந்த தற்காலிக ஓட்டுநர், நடந்துபோனவர் ஒருவர்மேல் மோதினார், அவர் இறந்தார். கலெக்டரின் பணிக்கான வண்டி என்பதைக் காட்டி ராஜஸ்தான் அரசு தப்பிக்கப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் விடவில்லை. ஆகவே இன்று சமரச மேசையில் பேசப்படுவது பெரும்பாலும் தொகைதான்.

தொகைக்கும் கணக்கு உண்டு. ஆண்டு வருமானத்தைப் பெருக்குவதற்கான, வயதுக்கேற்ற பெருக்கு எண்களை உச்ச நீதிமன்றம் 2009-இல் அட்டவணையாக்கியது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு டெல்லி போக்குவரத்துக் கழகம். மருத்துவர் எழுதித்தரும் ஊன சதவீதமும் வருமான இழப்பும் ஒன்றல்ல என்று 2011-இல் விளக்கியது: இடது கை போனால் ஓட்டுநருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகும், எழுத்தர் வேலையில் தொடரக்கூடும். சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்றது 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் எலும்பு சரியாகக் கூடாத 34 வயதுத் தச்சர். மாத வருமானம் ரூ.15,000, உழைக்கும் திறனில் இழப்பு 30 சதவீதம். ஆண்டு வருமானம் ரூ.1,80,000. அதில் 40 சதவீதம் கூட்டினால் ரூ.2,52,000. அவர் வயதுக்குரிய 16-ஆல் பெருக்கி 30 சதவீதம் எடுத்தால் ரூ.12,09,600. வழக்கு நான்கு ஆண்டு ஓடியிருந்து, 7.5 சதவீத வட்டி சேர்ந்தால் ரூ.15,72,480. மருத்துவச் செலவும் வலிக்கான ஈடும் இன்னும் சேரவில்லை. இவருக்குப் பத்து லட்சத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டால், அவர் விடுவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அப்படியும் அவர் கையெழுத்துப் போடுவது முட்டாள்தனமாகிவிடாது. மக்கள் நீதிமன்றத்தின் ஆணை இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. சமரசமின்றி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஜெயித்தால் 30 நாளில் பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ரூ.25,000 அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இவற்றில் எது குறைவோ அதைக் கட்டிவிட்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே எத்தனை வாய்தா என்று யாரும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு மூன்று லட்சம் வாங்கியிருந்தால் மாதம் ஒன்பதாயிரம் வட்டிக்கே போகும். நீதிமன்றம் தரும் வட்டி ஆண்டுக்கு 7.5 சதவீதம், கடன்காரருக்கு அவர் தருவது 36 சதவீதம். இந்த நிலையில் இன்று வரும் பத்து லட்சமே லாபம் என்று அவர் நினைப்பதில் தவறில்லை.

ஆனால் அந்த அவசரத்தை உண்டாக்கியது யார்? கையில் பணமில்லாதவர் உடனடித் தேவைக்காகக் குறைந்த தொகைக்கு இணங்குவதை அமெரிக்கச் சட்ட அறிஞர் ஓவன் ஃபிஸ் 1984-இலேயே சுட்டிக்காட்டி, சமரசத்தைக் கொண்டாட மறுத்தார். நம்மூரில் நிலைமை இன்னும் மோசம். தனியார் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு விலக்குப் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு வழிவிடுகிறது. இழப்பீட்டுக்கென்று தனி நிதி வைத்துப் பராமரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிதி தேவைக்கு ஏற்ப நிரம்பியிருந்தால், பேருந்து நிலையத்தில் அமீனா வந்து பயணிகளை இறக்கிவிட்டு வண்டியை ஜப்தி செய்யும் காட்சிக்கு இடமே இருக்காது. தாமதப்படுத்துபவரும் தாமதத்தால் கழிவு பெறுபவரும் ஒரே தரப்பு என்பதுதான் இந்த ஏற்பாட்டின் மையக் கோளாறு.

இன்னொரு இழப்பும் உண்டு. சமரசத்தில் சாட்சி விசாரணை இல்லை. விபத்து ஏன் நடந்தது என்ற முடிவும் இல்லை. ஓட்டுநர்மேல் போலீஸ் வழக்குத் தனியாக நடக்கிறதே என்பார்கள். அது ஸ்டியரிங் பிடித்தவரோடு நின்றுவிடும். டபுள் டியூட்டி போட்டது யார், பிரேக் புகாரைப் பணிமனையில் கிடப்பில் போட்டது யார் என்று அது தோண்டுவது அரிது. அடிபட்டவருக்கு இது இரண்டாம்பட்சமாக இருக்கலாம். அதே தடத்தில் நாளை சாலையைக் கடப்பவருக்கு அப்படியில்லை.

ஆகவே என் முடிவு இது: அடிபட்டவர் சமரசத்தை ஏற்பது நியாயம், கழகம் அதைச் சாதனைக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. பெருக்கு எண் கணக்கின்படி வரும் முழுத் தொகையும், விட்டுக்கொடுத்த தொகையும் ஆணையில் அருகருகே இருக்க வேண்டும். பணம் தரும் தேதியும், தவறினால் எவ்வளவு வட்டி என்பதும் அதிலேயே வர வேண்டும். விபத்தின் காரணம் குறித்த துறை விசாரணை சமரசத்தோடு மூடப்படக் கூடாது. கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன என்பது இதற்குப் பதிலாகாது. மலிவான கட்டணத்தில் பேருந்து விடுவது அரசின் கொள்கை என்றால், அதன் செலவு எல்லார் வரியிலிருந்தும் போக வேண்டும். இப்போதைய ஏற்பாட்டில் அந்த மானியத்தில் ஒரு பங்கை, பேருந்தில் அடிபட்டவர் தன் நஷ்டஈட்டிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்.