கடல்கோளும் கழிச்சேறும்

தமிழ் எம்.ஏ. படித்த யாரும் ‘கடல்கோள்’ என்ற சொல்லைத் தாண்டாமல் வெளியே வந்திருக்க முடியாது. இறையனார் அகப்பொருள் உரையில் முதல் இரண்டு சங்கங்களின் ஊர்களைக் கடல் கொள்கிறது. அடியார்க்குநல்லார் இன்னும் ஒருபடி மேலே போய் 700 காவதம், 49 நாடு என்று கணக்கே கொடுக்கிறார். அவர் சொன்னது ‘நாடு’. அதைக் கண்டமாக ஊதிப் பெருக்கியது நாம். மடகாஸ்கரில் இருக்கிற லெமூர்களுக்கு இந்தியாவில் எப்படி உறவுக்காரர்கள் வந்தார்கள் என்று விளக்க, 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் இடையில் ஒரு நிலம் இருந்ததாக ஊகித்து ‘லெமூரியா’ என்று பெயர் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் விலங்கியல் அந்த ஊகத்தைக் கைவிட்டுவிட்டது. நம்ம புலவர்கள் விடுவார்களா?

இந்தப் பெருங்கதையாடலின் அரசியலை ஏற்கெனவே பிரித்து மேய்ந்தாகிவிட்டது (சுமதி ராமசாமியின் நூல் 2004இலேயே வந்துவிட்டது). அதை நான் மறுபடி செய்யப் போவதில்லை. என் கேள்வி வேறு. உரைகளுக்குப் பதில் உரைகளையே வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறோமே, கடல் உண்மையிலேயே எதை, எப்போது கொண்டது என்று கடலடியிலும் கழிச்சேற்றிலும் கிடக்கிற சாட்சிகளை நாம் விசாரித்திருக்கிறோமா? எல்லாமே பிரதி என்று பேசுகிற நமது வட்டாரம், சேற்றை மட்டும் ஏன் விஞ்ஞானிகளிடம் விட்டுவிட்டது?

சாட்சிகளில் முக்கியமானது செத்த பவளம். சிலவகைப் பவளங்கள் நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் அடியில் மட்டுமே வளரும். அப்படிப்பட்ட ஒன்று நூறு மீட்டர் ஆழத்தில் செத்துக் கிடந்தால், அது உயிரோடிருந்த காலத்தில் கடல் அவ்வளவு கீழே இருந்தது என்று பொருள். பார்படோஸ் தீவருகே கடலடியைத் துளைத்தெடுத்த இத்தகைய பவளங்களின் வயதைக் கணித்து ஃபேர்பேங்க்ஸ் 1989இல் வெளியிட்ட கணக்குப்படி, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே. அதாவது, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் ராயபுரத்திலிருந்து கிழக்கே பல கிலோமீட்டர் நடந்துபோனால்தான் கடல். பனி உருக உருக ஏறிய கடல், 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் கிட்டத்தட்ட இப்போதைய மட்டத்துக்கு வந்தது.

ஆக, கடல்கோள் நடந்திருக்கிறது. ஆனால் 120 மீட்டரை 13,000 ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். வேகமாக ஏறிய கட்டங்கள் நடுவில் உண்டு என்றாலும், சராசரி ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரே இரவில் அரண்மனையும் ஏட்டுச்சுவடியும் மூழ்குகிற காட்சி இதில் கிடைக்காது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பாம்பன், இராமேசுவரம் கரையில் செத்த பவளம் இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறது. அங்கே சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மேலே நின்ற கடல் பிறகு இறங்கியிருக்கிறது. கடல் திருப்பிக் கொடுத்த நிலத்துக்கு நம் உரையாசிரியர்களிடம் ஒரு சொல்லும் கிடையாது.

கழிகளின் சேறு இதைவிட நுணுக்கமான ஆவணம். ஃபொராமினிஃபெரா என்கிற ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடுகள் அதில் அடுக்கடுக்காகப் படிகின்றன. கடல்நீரில் வாழ்கிற இனம் வேறு, உவர்நீரில் வாழ்கிற இனம் வேறு. எந்த அடுக்கில் எது கிடைக்கிறது என்பதை வைத்து, முகத்துவாரம் எப்போது திறந்திருந்தது, எப்போது அடைபட்டது என்று சொல்லலாம். சிப்பி ஓட்டிலுள்ள ஆக்சிஜனின் இரண்டு வகைகளுக்கிடையிலான விகிதம், அது வளர்ந்த நீரின் வெப்பத்தையும் அதில் கலந்த மழைநீரையும் காட்டிக்கொடுக்கும். ஓட்டிலுள்ள கார்பன் வயதைச் சொல்லும். வேடிக்கை என்னவென்றால், பளிங்குபோல மின்னியதாகப் புகழப்பட்ட மதராஸ் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. சுடும்போது கார்பன் வாயுவாகப் போய்விடுகிறது. கம்பெனிக்காரன் மாளிகைச் சுவரில் வெள்ளையாகப் பூசிக்கொண்டது தேதியழிந்த ஆவணங்களை.

நான் இருப்பது திருவொற்றியூரில். இங்கே கடல்கோள் வகுப்பில் படிக்கிற சங்கதி இல்லை. “அதோ அந்தக் கல்லுக்கு அந்தாண்டதான் எங்க தெரு இருந்துச்சு” என்று கையை நீட்டுகிற கிழவிகளை எந்தக் குப்பத்திலும் பார்க்கலாம். இதற்கு 13,000 ஆண்டுகள் தேவைப்படவில்லை. இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1876இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் அதை மறித்தது. 1881 புயல் சுவர்களைப் பெயர்த்தும் மறுபடி கட்டினார்கள். தேங்கிய மணலில் தெற்கே மெரினா அகன்றது. மணல் வராத வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் தின்றது. இந்த நகரத்தின் அழகுக்கும் எங்கள் தெருக்கள் காணாமல் போனதற்கும் காரணம் ஒன்றே. குமரிக்கண்டத்துக்காக அழுத தமிழ் மேடை இதற்கு ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

சரி, சேற்றையே முழுசாக நம்பிவிடலாமா? அங்கேதான் எனக்குத் தயக்கம். எண்ணூர்க் கழியை நாளை ஒருவர் துளைத்தால் மேலடுக்கில் உலைச்சாம்பல் கிடைக்கும், நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாக. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடியது, வடசென்னை நிலையம் 1994இல் வந்தது. சாம்பல் குழாய்கள் கழியில் கசிந்த கதை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எல்லாம் அங்கே தடம் விட்டிருக்கலாம். இதே மாதிரி அடையாளங்களை வைத்துத்தான் கனடாவின் கிராஃபோர்டு ஏரிச் சேற்றை ‘மானுட யுக’த்தின் தொடக்கச் சான்றாக 2023இல் முன்மொழிந்தார்கள். 2024 மார்ச்சில் அந்த முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது. அவர்கள் காரணம் வேறு. என் ஆட்சேபணை அந்த ‘மானுட’ என்கிற முன்னொட்டின் மீது. சேறு பொய் சொல்லாது, ஆனால் ஆளைக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. சாம்பலைக் கொட்டியவரும் அந்தச் சாம்பலில் கையால் தடவி இறால் தேடுகிற இருளரும் துளைத்தெடுத்த சேற்றில் ஒரே ‘மனித’னாகி விடுகிறார்கள். யார் அனுமதித்தது, யார் தெரு போனது என்பதற்குத் துறைமுகக் கோப்பும் கிழவியின் நீட்டிய கையும் வேண்டியிருக்கிறது.

கழியில் இறால் தடவுகிற ஒருவரிடம் அடியில் என்ன தட்டுப்படுகிறது என்று கேட்டேன். “மேல பூரா சாம்பலு சார், முட்டி வரைக்கும் புதையும். இன்னும் கீழ விட்டா பழைய கறுப்புச் சேறு. அதுல ஆளி ஓடு இருக்கும், கையக் கிழிச்சிரும்” என்றார்.