திங்களூர்த் தண்ணீர்ப் பந்தர்

அப்பூதியடிகள் வரலாறு என்றதும் பெரும்பாலோர்க்கு முதலில் நினைவிற்கு வருவது பாம்புதான். வாழைக் குருத்தரியச் சென்ற மூத்த மகனை அரவு தீண்டியதும், திருநாவுக்கரசர் பதிகம் பாடி அவனை எழுப்பியதும் வகுப்பறைகளில் விரிவாகச் சொல்லப்படுகின்றன. தண்ணீர்ப் பந்தரோ ஒரு வரியில் கடந்துபோகிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார் வைத்த முறை இதுவன்று.

அவருக்கு முன்னர், திருத்தொண்டர் திருவந்தாதியில் அப்பூதியார்க்கு ஒரே பாட்டு ஒதுக்கிய நம்பியாண்டார் நம்பி, அந்த ஒரு பாட்டிலும் பந்தரை மறவாமல் சொன்னார், பாம்பைச் சொல்லவில்லை. 12ஆம் நூற்றாண்டில் இதனை விரித்துப் பாடிய சேக்கிழாரும் நாவரசரை நேரே அப்பூதியார் வீட்டிற்கு அழைத்துச் செல்வதில்லை. மக்கள் ஓயாது நடக்கும் வழியோரத்தில், வேனிலின் வெம்மை தணிக்கும் பந்தரின்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். அருளாளர் உள்ளத்தின் குளிர்ச்சியே அப்பந்தருக்கு உவமை. அதன் எப்பக்கமும் ‘திருநாவுக்கரசு’ என்னும் பெயர். அப்பெயருக்கு உரியவரோ யாரென்று அறியப்படாமல், வழிப்போக்கருள் ஒருவராக நிற்கிறார்!

காவியத்தின் நுட்பம் இங்கேதான் உள்ளது. அப்பூதியார் நாவரசரைக் கண்டவரல்லர். கேள்வியால் மட்டுமே அன்பு பூண்டவர். மக்களுக்கும், வீட்டிலுள்ள அளவைகளுக்கும், ஆவினங்களுக்கும்கூட அப்பெயரையே இட்டார். இது வெறும் பெயர்ப்பித்து ஆகியிருக்கலாம். ஆகாமற் காத்தது பந்தர். இறைவனிடத்து வைத்த அன்பு அடியாரிடம் சென்றது. அடியாரிடத்து வைத்த அன்போ, யார் எவரென்று கேளாமல், வழியில் வந்த தாகத்திற்குத் தண்ணீராயிற்று. இம்மூன்றும் ஒரே நீரோட்டமாகக் கவிஞருக்குத் தெரிகின்றன.

வீட்டிற்கு வந்த நாவரசர் வினவுகிறார்: உம் பேர் எழுதாமல் வேறொரு பேர் எழுதியது ஏன்? பணிவே வடிவான அப்பூதியார் சினம் கொள்வது இவ்வோரிடத்தில்தான். சிவவேடம் தாங்கியும் நாவரசரின் பெருமை அறியாமற் பேசுகிறீரே, நீர் யார் என்று பொரிந்து விழுகிறார். நாவரசர் தம் பெயரைக்கூடச் சொல்லாமல், சூலைநோய் தந்து ஆண்டவனால் மீட்கப்பட்ட சிறியவன் என்று மட்டும் விடைபகர, வெகுண்டவர் அழுது அடிவீழ்கிறார். தைப்பூசக் காலத்தில் பத்துமலையிலும் பினாங்கிலும் நம்மவர் அமைக்கும் பந்தர்களைக் கண்டவர்க்கு அவ்வினா வேறுவகையில் உறுத்தும். அங்கே தொங்கும் பலகைகளில் கொடுத்தவர் பெயர் தண்ணீர்க் குடத்தினும் பெரிதாயிருப்பதுண்டு.

பாம்பு தீண்டிய பகுதியிலும் நோக்கத்தக்கது அற்புதம் மட்டுமன்று. விருந்து தடைப்படுமென்று அஞ்சி, நஞ்சேறிய நிலையிலும் இலையைக் கொண்டுவந்து கொடுத்தபின்னரே சிறுவன் வீழ்கிறான். பெற்றோர் உள்ளம் பதைத்தும் உடலை மறைத்துவைக்கின்றனர். மூத்தவன் எங்கே என்ற நாவரசரின் வினாவுக்கு, இப்போது அவன் உதவான் என்ற விடையே தந்தையின் வாயிலிருந்து வருகிறது. பொய்யும் சொல்லமாட்டாமல் மெய்யும் சொல்லமாட்டாமல் தவிக்கும் அச்சொல் ஒன்றே போதும், சேக்கிழார் எத்தகைய கவிஞர் என்பதை அறிய.

ஆயினும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். மகன் உயிர்பெற்று எழுந்தபோதும் பெற்றோர் அதற்கு மகிழாமல், அடியார் அமுதுசெய்வதற்கு இடையூறு நேர்ந்ததே என்று வருந்தினர் என்கிறார் கவிஞர். அன்பின் மிகுதியைக் காட்டப் புகுந்தவர் அத்தாயின் நெஞ்சுக்கு ஒரு சொல்லும் ஈயாதது பொருத்தமாகத் தோன்றவில்லை.

நாவரசர் பின்னர்த் திருப்பழனத்தில் பாடிய பதிகத்தில் அப்பூதியாரைப் பெயர் சொல்லியே போற்றுகிறார். வேள்வித்தீ ஓம்புபவர், இறைவன் திருவடியைத் தலைமேற் பூவாகக் கொண்டவர் என்ற அளவில் அந்தப் போற்றுதல் நின்றுவிடுகிறது. மாண்ட மகன் மீண்டதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.