உப்பும் கலகமும்

'கலகம்' என்னும் சொல் ஆள்வோர் நாவில் குற்றச்சாட்டு. ஒடுக்கப்பட்டோர் நாவில் நம்பிக்கை. மரக்காணத்து உப்பளக் கரையில் அமர்ந்து இராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' புதினத்தை வாசிக்கும்போது அச்சொல்லின் பொருளை நாம் புதிதாக எண்ணிப் பார்க்க நேர்கிறது.

1930 ஏப்ரலில் இராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து சென்று வேதாரண்யத்தில் உப்பை அள்ளினார். அது கலகமே, ஆயினும் அறத்தின் கலகம். மறைவான சதி அதில் இல்லை. வெளிப்படையாகச் சட்டத்தை மீறினர். தண்டனையையும் தாமே ஏற்றனர். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. உப்பை விளைவித்தோரின் துயரும் அதனோடு ஒழிந்ததா?

தூத்துக்குடி உப்பளங்களை நேரில் கண்டு எழுதப்பட்ட இப்புதினம் இக்கேள்வியையே எழுப்புகிறது. பிழைப்புத் தேடி அளத்திற்கு வரும் பொன்னாச்சியின் முன் நிற்கும் எதிரி அந்நிய அரசன் அல்லன். உழைப்பைச் சுரண்டும் கூலிக்கணக்கும், பெண்மையை இழிவுசெய்யும் பார்வையுமே. உரிமை பேசும் இராமசாமியின் கையில் ஆயுதமில்லை. 'இது முறையன்று' என்று முதலில் சொல்பவனே புரட்சியாளன் என்பதை அவன் வழியே உணர்கிறோம். சிலவிடங்களில் பாத்திரங்களை மீறி ஆசிரியரின் குரல் ஒலிப்பது குறையே. எனினும் அக்குரலில் பொய்யில்லை.

மக்களைத் தூண்டிவிடுகிறார் என்பதே பிலாத்துவின் முன் இயேசுவின்மீதும் சாட்டப்பட்ட பழி. எனவே கலகம் என்றதும் அஞ்சுவது நமக்கு அழகன்று. அது யாருக்காக, எவ்வழியில் என்று கேட்பதே தகும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். மழை வந்து பாத்திகள் மூழ்கி வேலை நின்றுபோகும் மாதங்களில், உப்பை விளைவித்தவரை நினைப்பவர் யார்?