நத்தைக்கல் என்னும் பெயர்: ஒரு திறனாய்வு

அறிவியற் பொருள்களுக்குப் பெயரிடுவோர், சொல் தமிழாயிருந்தால் போதும் என்று அமைந்துவிடுதல் உண்டு. ஆனால், பெயர் பொருளின் இயல்பைப் பிறழக் கூறுமாயின், அஃது அயற்சொல்லினும் மிகுந்த தீங்கு செய்யும். இதற்குத் தக்க சான்று 'நத்தைக்கல்' என்னும் சொல்லாகும்.

திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் மண்ணரித்த ஓடைக்கரைகளில் சுருள் வடிவான கற்கள் கிடைக்கின்றன. கடல் அந்நிலத்தை மூடியிருந்த கிரெட்டேசியக் காலத்து உயிர்களின் எச்சங்கள் அவை. அக்காலம் ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. கெடா மாநிலத் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்து வந்தோரும் உளர். ஆதலின், இக்கல்லைப் பற்றிய பாடம் இங்குள்ள பிள்ளைகளுக்கும் மூதாதையர் மண்ணைப் பற்றிய பாடமேயாகும். அதனைப் பிழையான பெயரோடு தொடங்குதல் முறையன்று.

நத்தையின் ஓடு உள்ளே தடுப்பில்லாத ஒரே குழாய். அம்மோனைட்டின் ஓடோ, குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகப் பகுக்கப்பட்டது. உயிர் கடைசி அறையில் மட்டுமே வாழ்ந்தது. பின்னுள்ள அறைகளை ஊடுருவிச் சென்ற மெல்லிய குழல், ஓட்டின் வெளி விளிம்பை ஒட்டி ஓடிற்று. அவ்வறைகள் நீரில் மிதக்க உதவின. சுவர்கள் ஓட்டைத் தொடும் கோடுகள் இலை விளிம்புபோல் நெளிந்திருக்கும். இனம் பிரித்தறிய அறிஞர் கொள்ளும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று. இவ்வுயிரின் நெருங்கிய உறவு நத்தையன்று, கணவாயே. கோத்தா கோலா மூடாக் கரையோரத்துப் பிள்ளை சோத்தோங்கை நன்கறியும். அதனைக் காட்டித் தொடங்க வேண்டிய ஆசிரியரை, 'நத்தைக்கல்' என்னும் சொல் வேறு வழியில் இழுத்துச் செல்கிறது.

'சாளக்கிராமம்' என்று கூறிவிடுவோரும் உளர். வழிபாட்டிற்குரிய சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பது. அதனுள்ளும் அம்மோனைட்டுகள் உண்டு என்பது மெய். ஆயினும் அவை கிரெட்டேசியத்துக்கு முற்பட்ட சுராசிக் காலத்தன. அப்பெயர் தன் இடத்தில் மதிப்புடையது; அரியலூர்க் கல்லுக்கு இட்டால் இடமும் காலமும் ஒருங்கே மயங்கும்.

அறிஞர் இட்ட பெயர்களும் ஆய்வுக்கு உரியனவே. கே, கன்லிஃப் என்னும் இருவர் தென்னிந்தியாவில் திரட்டிய எச்சங்களை, 1846-இல் எட்வர்டு ஃபோர்பசு ஆராய்ந்து வெளியிட்டார். அவர் சில அம்மோனைட்டுகளுக்குப் பிரமன், இந்திரன், வருணன், சூரியன் எனத் தெய்வப் பெயர்களைச் சூட்டினார். கேட்பதற்கு இனியவைதாம். ஆனால் இந்திரன் என்ற பெயரால் ஓட்டின் வடிவமும் தெரியாது. கிடைத்த ஊரும் தெரியாது. 1861 முதல் பிளான்ஃபோர்டும், பின்னர் சிடோலிச்காவும் இத்தொகுதிகளை விரிவாக எழுதினர்.

1956-இல் ரைட் என்பார் இட்ட பெயர் வேறு தன்மையது. 'உட்டாட்டூரிசெராசு' என்னும் அப்பேரினப் பெயரில் ஊட்டத்தூர் என்னும் ஊர் இருக்கிறது. ஈற்றிலுள்ள 'செராசு' என்பது கொம்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் திரிபு. ஊட்டத்தூர்க் கொம்பு என்று அதனைத் தமிழில் கூறலாம். ஒலி திரிந்திருப்பினும், ஊர்ப்பெயர் நிற்கிறது. அதுவே அப்பெயரின் சிறப்பு.

ஊர்ப்பெயரின் இன்றியமையாமையைக் கல் திரட்டுவோர் நன்கு உணர்தல் வேண்டும். அம்மோனைட்டுகள் விரைவில் இனம் மாறியும், கடல்தோறும் பரவியும் வாழ்ந்தவை. ஆகவே, எந்த இனம் எந்தப் பாறையடுக்கில் கிடைத்தது என்பதைக் கொண்டு அப்பாறையின் காலம் கணிக்கப்படுகிறது. ஊட்டத்தூர் அடுக்குகள் மூத்தவை. திருச்சிராப்பள்ளி அடுக்குகள் இடைப்பட்டவை. அரியலூர் அடுக்குகள் இளையவை. எடுத்த இடத்தையும் அடுக்கையும் எழுதாமல் பேழையில் வைத்த கல், பார்வைக்கு அழகாயிருக்கும். காலக் கணிப்புக்கு உதவாது. சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்கள் பெருகிய அரியலூரில், குறிப்பின்றிப் போன ஒரு கல்லுக்கு உரிய இடத்தைப் பின்னர்த் தேடிக் காண்பதும் அரிது.

இனி, பாடத்தில் எப்பெயரைக் கொள்வது? 'சுருள்கல்' எனலாமோ எனின், நேரான கோல் வடிவுடைய பாக்குலைட்டுகளும் அம்மோனைட்டு இனத்தனவே. அச்சொல் அவற்றைத் தழுவாது. 'கொம்புக்கல்' என்பதற்கும் இக்குறை உண்டு. அன்றியும், விலங்கின் கொம்பு கல்லாயிற்றோ என்ற ஐயத்தை அது பிள்ளைக்கு உண்டாக்கும். 'அம்மோனைட்டு' என்னும் சொல், ஆட்டுக்கடாக் கொம்புடைய அம்மோன் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் பெயர்வழி வந்தது. தமிழ்ப்பிள்ளையின் செவியில் அஃது எவ்வுறவையும் சுட்டாது. எனவே தவறாகவும் கற்பிக்காது. தனித்தமிழில் நல்ல சொல் பிறக்குமளவும் இதனைத் தமிழ் எழுத்தில் எழுதி ஆளுதலே தக்கது. அச்சொல்லை ஆக்க முற்படுவோர், அறைகளையும், குழலையும், கணவாய் உறவையும் முதலில் கருத்திற் கொள்ளல் வேண்டும். அதுவரை, பாடம் நடத்தும் ஆசிரியர் கரும்பலகையில் ஓட்டின் குறுக்கு வெட்டைத் தீட்டி, பக்கத்தில் நத்தையோட்டையும் தீட்டிக் காட்டுவாராயின், 'நத்தைக்கல்' ஏன் பொருந்தாது என்பதைப் பிள்ளைகளே கூறுவர்.