‘கலா’ இசைத்தொகுப்பு: ஆக்கமும் வரவேற்பும்

ஒரு கலைப்படைப்பை ஆக்கியவர் யார் என்னும் வினா, வாய்மொழி இலக்கியத்தை ஆராய்வோர்க்குப் பழக்கமானது. ஒலிப்பதிவுக் கூடத்தையே பட்டறையாகக் கொண்ட இன்றைய பொப் இசையிலும் அதே வினா எழுகின்றது. 2007 ஆம் ஆண்டு வெளிவந்த ‘கலா’ என்னும் இசைத்தொகுப்பு இவ்வகையில் நமது கவனத்துக்குரியது.

எம்.ஐ.ஏ. என அறியப்படும் மாயா அருள்பிரகாசம் 1975 இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, எண்பதுகளின் நடுப்பகுதியில் தாயுடன் அகதியாக மீண்டும் இலண்டன் சென்றவர். முதற்றொகுப்பான ‘அருளர்’ (2005), ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கியது. இரண்டாவது தாயின் பெயரைத் தாங்கியது. ரோலண்ட் எம்.சி.–505 என்னும் ஒற்றை மின்னிசைப் பெட்டியில் உருவான மெட்டுகளே முதற்றொகுப்பின் அடித்தளமாகும். ஏழைக் குடியேறியின் சிக்கனமே அங்கு அழகியலாயிற்று எனலாம்.

‘கலா’வின் கதை வேறு. 2006 இல் ஐக்கிய அமெரிக்காவிற்குள் நுழைய அவருக்கு விசா மறுக்கப்பட்டது. அங்குள்ள தயாரிப்பாளருடன் பணியாற்றும் திட்டம் தடைப்படவே, அவர் இந்தியா, ட்ரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளுக்கும் சென்று பதிவுகளை மேற்கொண்டார். பெரும்பாலான பாடல்களில் அவருக்குத் துணைநின்றவர் சுவிற்ச் எனப்படும் ஆங்கிலேயத் தயாரிப்பாளர். இவ்விருவரும் சென்னையில், ஏ. ஆர். ரகுமானின் தொடர்புகள் வழியாக, இருபதுக்கு மேற்பட்ட தமிழ் மேளக் கலைஞரை அழைத்து உறுமியைப் பதிவுசெய்தனர்.

உறுமியின் இயல்பை இங்குச் சிறிது விளக்குதல் வேண்டும். அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியாற் தேய்க்க, விலங்கின் உறுமலை ஒத்த நாதம் எழும். மறுமுகத்தை அடிக்கத் தாளம் பிறக்கும். சிறுதெய்வ வழிபாட்டிலும் சாவீட்டிலும் ஒலிப்பது அது. ‘பேர்ட் ஃப்ளூ’ என்னும் பாடலில் இத்தேய்ப்பொலி, கோழிகளின் கொக்கரிப்புக்கும் சிறுவரின் கூச்சலுக்கும் இடையே, எவ்விதப் பணிவுமின்றி முன்னால் வந்து நிற்கின்றது. மேலைப் பாடலுக்கு வாசனைப்பொருளாகக் கீழைக் கருவியொன்றைத் தூவும் வழக்கமான உத்தி இதுவன்று. பாடலே மேளத்துக்கு இடங்கொடுத்து ஒதுங்குகின்றது. தொகுப்பின் மிகச் சிறந்த பாடல் இதுவே என்பது எமது கருத்து. ‘தளபதி’ (1991) படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாடலொன்றின் ஒலித்துண்டைக் கொண்ட ‘பம்பூ பங்கா’வும் இத்தகையதே. ‘டிஸ்கோ டான்சர்’ (1982) படப்பாடலை ஏறத்தாழ அப்படியே பாடும் ‘ஜிம்மி’யிலோ புதுமை குறைவு.

மேலைநாட்டார் இத்தொகுப்பைப் பெரிதும் போற்றினர். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் இதனை 2007 இன் முதன்மையான தொகுப்பாகத் தெரிந்தெடுத்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ அடுத்த ஆண்டு அமெரிக்கப் பாடல் வரிசையில் 4 ஆம் இடத்தை எட்டியது. துப்பாக்கி வெடியும் காசுப்பெட்டியின் ஓசையும் கலந்த அதன் பல்லவியில், வெடியோசையை மட்டும் தொலைக்காட்சி மாற்றியமைத்தது. காசுப்பெட்டியின் ஓசையால் எவருக்கும் இடையூறு ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

விமர்சகர் எழுப்பிய வினாக்கள் இரண்டு. இவற்றை உண்மையில் ஆக்கியவர் உடன்பணியாற்றிய ஆண்களா என்பது ஒன்று. முதற்றொகுப்பின் பெருமையை அமெரிக்கத் தயாரிப்பாளர் டிப்ளோவுக்கு உரியதாக்கியமையை எம்.ஐ.ஏ. 2007 இல் வெளிப்படையாகவே கண்டித்தார். மற்றையது, அவர் பேசும் அரசியல் மெய்யானதா என்பது. 2010 இல் நியூ யோர்க் ரைம்ஸ் இதழ் வெளியிட்ட நீண்ட கட்டுரையை அடுத்து, பேட்டியின்போது அவர் உண்ட உருளைக்கிழங்குப் பொரியலின் ஆடம்பரங்கூட விவாதப்பொருளாயிற்று. 2009 பெப்ரவரி 8 ஆம் திகதி அவர் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையிற் பாடியவேளை வன்னியில் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர்; அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதுபற்றி அவர் பேசியுமிருந்தார். உண்ட உணவைக்கொண்டு இப்பேச்சின் மெய்ம்மையை அளக்க முற்படுவது விமர்சனமாகாது.

ஆயின், கேட்கப்படாத மூன்றாவது வினா ஒன்றுண்டு: உறுமி அடித்தவர் யார்? நாம் படித்த மதிப்புரைகளுள் எதுவும் அக்கலைஞருள் ஒருவரையேனும் பெயர்சுட்டவில்லை. தயாரிப்பாளர் இருவருக்கிடையே புகழைப் பங்கிடுவதற்குப் பக்கங்களைச் செலவிட்டோர், தோலிற் பிறந்த ஒலியை ‘இந்தியத் தாளம்’ என்ற இரு சொற்களில் அடக்கினர்.

இக்குறையை மேலைநாட்டார்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்க இயலாது. யாழ்ப்பாணத்திற் பறை, சாதியால் விதிக்கப்பட்ட கட்டாயத் தொழிலாக இருந்தது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவு தாழ்த்தப்பட்டோருக்கு மூடப்பட்டிருந்த காலத்தில், சாவீட்டுப் பறையை மறுத்தலும் விடுதலையின் ஒரு கூறாகவே கருதப்பட்டது. அம்மறுப்பின் நியாயத்தை எவரும் குறைகூற முடியாது. எனினும் அதன்பின் அவ்விசையின் நுட்பங்களைப் பதிவுசெய்யும் பொறுப்பு எவருடையது? அறுபதுகளின் பிற்பகுதியில் ‘சின்ன மாமியே’ போன்ற பொப் பாடல்களுக்கு யாழ்ப்பாணம் காதுகொடுத்தது. பறைக்கு அத்தகைய மேடை கிட்டவில்லை. ‘எங்கள் பிள்ளை’ என்று எம்.ஐ.ஏ.யை உரிமைகொண்டாடும் நம்மவருட் பலர், அவருடைய பாடலிற் கேட்கும் மேளத்தைத் தம் வீட்டு நற்காரியத்துக்கு அழைக்கத் துணிவார்களா என்பது ஐயமே.