கண்மாயும் பாடத்திட்டமும்

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய், மார்கழி மாதம், தண்ணீர் முக்கால் அளவு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மடையைத் திறக்கலாமா? கிணறு வைத்திருக்கும் விவசாயி வேண்டாம் என்பார். தண்ணீர் நின்றால் ஊற்று ஏறும். மோட்டார் போட்டு இறைத்துக்கொள்ளலாம். கிணறு இல்லாதவருக்கு மடைதான் கதி. கதிர் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் பாயாவிட்டால் நெல் பதராகிவிடும். மீன் குத்தகைக்காரரோ குஞ்சு வளரும்வரை தண்ணீர் இறங்கக் கூடாது என்பார். தண்ணீர் ஒன்று, நியாயம் மூன்று.

இந்தச் சிக்கலைத் தனித்தனிப் பட்டங்கள் தனித்தனியாகப் பார்க்கின்றன. சிவில் பொறியியல் கொள்ளளவைச் சொல்லும். வேளாண்மை பயிரின் நீர்த்தேவையைச் சொல்லும். பொருளியல், கிணற்றுப் பாசனத்தில் ஏக்கருக்கு வருமானம் கூடுதல் என்று கணக்குப் போட்டு மடையை மூடச் சொன்னாலும் வியப்பில்லை. கிணறு யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்பது சமூகவியல். இந்த நால்வரையும் ஒரே வகுப்பறையில் உட்காரவைக்கும் முயற்சிதான் ஒருங்கிணைந்த இயற்கை வள மேலாண்மை என்ற முதுநிலைப் படிப்பு. பெர்லினின் ஹம்போல்ட் பல்கலைக்கழகம் இந்தப் பெயரிலேயே பட்டம் தருகிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம் ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மையில் எம்.இ. படிப்பை உருவாக்கியது. 2000களின் நடுவில் நெதர்லாந்து அரசின் நிதியுதவியோடு தொடங்கிய ஒரு தெற்காசியத் திட்டத்தில் அந்த மையம், டாக்கா, காத்மாண்டு, பேராதனை, வாகனிங்கன் கல்வி நிறுவனங்களோடு கைகோத்தது. பொறியியல் கோட்டையாக இருந்த நீர்க்கல்விக்குள் சமூகமும் பாலினமும் பாடமாக நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று.

இந்தப் படிப்பின் தேவையை ஒரு கண்மாயின் நிர்வாகமே சொல்லிவிடும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மேலே என்றால் நீர்வளத் துறை. உள்வாயில் ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறையிடம் போக வேண்டும். கரையில் சமூகக் காடு வளர்த்திருந்தால் வனத்துறை வரும். ஒருவர் வேலை மற்றவர் வேலையைக் கெடுப்பதைக் கவனிக்க யாருக்கும் உத்தரவு இல்லை. உலக வங்கிக் கடனில் 2007இல் தொடங்கிய ஐயாம்வார்ம் திட்டம், நீர், வேளாண்மை, தோட்டக்கலை, மீன்வளம், கால்நடை எனப் பல துறைகளை ஒரே வடிநிலத்தில் இணைந்து வேலை செய்யவைக்க முயன்றது. ஒரு துறையின் மொழியை இன்னொரு துறைக்குப் புரியவைக்கும் ஆட்கள் இப்படிப்பட்ட வேலைக்கு வேண்டும். அந்தத் திறமையைத் திட்டமிட்டு வளர்ப்பது இந்தப் படிப்பின் முதல் பலம்.

அகலம் கூடினால் ஆழம் குறையும் என்பது இதன்மேல் வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு; ஆனால் ஏதாவது ஒரு துறையில் ஏற்கனவே ஊன்றியவரைச் சேர்த்துக்கொண்டால் அது பெரிய குறையாகாது. எனக்குப் பெரிதாகப் படும் குறைகள் வேறு.

ஒன்று, காலம். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பும்போது மாணவர் செமஸ்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். ஆய்வேட்டுக்காகத் தை, மாசியில் ஊருக்கு வரும்போது அறுவடை நடந்துகொண்டிருக்கும். யார் முதலில் பாய்ச்சுவது என்ற சண்டையும் சமரசமும் முடிந்துபோயிருக்கும். மாணவர் கையிலிருக்கும் வினாப்பட்டியலுக்கு மக்கள் நினைவிலிருந்து விடை சொல்வார்கள். முழுமையைக் கற்பிக்கும் படிப்பு நீரின் ஓராண்டைக்கூட முழுதாகக் காட்டுவதில்லை.

இரண்டு, ஒருங்கிணைப்பு என்ற சொல்லின் இனிமை. பொருளாதார நன்மை, சமத்துவம், சூழல் மூன்றையும் ஒருசேர அடையலாம் என்று ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மைக் கோட்பாடு சொல்கிறது. நீர் அறிஞர் ஆசித் பிஸ்வாஸ் 2004இல் இதன் வரையறை நடைமுறைக்கு உதவாத அளவுக்குப் பொத்தாம்பொதுவானது என்று விமர்சித்தார். இன்னொரு நீர் ஆய்வாளர் பிரான்சுவா மோல் 2008இல் இதை ‘நிர்வாணக் கருத்து’ என்றார். பௌத்தம் சொல்லும் நிர்வாணம்போல, எல்லோரும் விரும்பும், யாரும் எட்டாத நிலை என்ற பொருளில். நம் கண்மாய்க்கு வந்து பார்த்தால் இந்த விமர்சனத்தின் கூர்மை புரியும். மூன்று நியாயங்களையும் ஒரே மடையால் நிறைவேற்ற முடியாது. இராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2003இல் எழுதிய நூல், அங்கே நீர்ப்பங்கீடு சாதி, அதிகாரம், கோயில் மரியாதை இவற்றோடு பின்னிக் கிடந்ததைக் காட்டியது. இதைப் ‘பங்கேற்பு’ என்ற ஒரு பாட அலகுக்குள் அடக்கினால், மாணவர் துறைகளை இணைக்கக் கற்பார். ஊரின் மோதலைப் படிக்கக் கற்கமாட்டார்.

மூன்று, வேலை. நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர் பணிக்கு இன்றும் சிவில் பட்டம்தான் நுழைவுச்சீட்டு. முழுக் கண்மாயையும் படித்து வந்தவருக்கு அரசில் முழுக் கண்மாயைப் பார்க்கும் நாற்காலி இல்லை. அதனால் பலருக்கும் தொண்டு நிறுவனமும் நிதி முடியும்வரை ஓடும் திட்டமும்தான் மிச்சம். இந்தக் குறைக்குப் பல்கலைக்கழகத்தை மட்டும் நோவதில் நியாயமில்லை.

ஆகவே படிப்பைக் கைவிடுவது தீர்வல்ல. ஒருங்கிணைப்பு நடக்கும் இடத்தை மாற்ற வேண்டும். ஐந்து துறைப் பாடங்களை அடுக்கினால் அவை தாமாக இணைந்துவிடாது. ஓர் ஊரில், ஒரு மடையில், ஒரு முடிவு எடுக்கும்போதுதான் இணையும். முதல் செமஸ்டரிலேயே ஒரு கண்மாயை ஒப்படைத்து, ஆடி முதல் ஆனிவரை மாணவர் அங்கே போய்வரட்டும். தன் பரிந்துரையால் இழப்பவர் யார், அந்த இழப்பை யார் ஈடுசெய்வது என்று ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் சொல்லட்டும். வாய்மொழித் தேர்வைக் கண்மாய்க் கரையிலேயே வைக்கலாம். கேள்வி கேட்பவர்களில் கிணறு இல்லாத விவசாயி ஒருவரும் இருக்கட்டும்.